கோப்பை நகர்ந்ததைப் பிடித்தோம், ஆய்வகம் அளந்த கதையை நம்பினோம்

குற்றத் தொடர் பார்க்கும்போது பிழை பிடிப்பது கெட்ட பழக்கம் என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் முறைப்பார்கள் என்றும் தெரியும். ஆனாலும் "அந்த சிகரெட் இப்பதானே பாதிக்கு மேல எரிஞ்சிருந்தது, அதுக்குள்ள எப்படி முழுசாச்சு?" என்று வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. இப்படிக் கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்தக் காட்சியில் டையின் முடிச்சு மாறியது, எந்தக் காட்சியில் காரின் நம்பர் பிளேட் வேறாக இருந்தது என்று உட்கார்ந்து பட்டியல் போடுகிற கூட்டம் எங்களுடையது. கூட்டத்தில் ஒருவனாகவே சொல்கிறேன், நாங்கள் பிடிக்கிற பிழைகளில் முக்கால்வாசி யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவை. உண்மையிலேயே ஆளைக் கெடுக்கிற பிழைகள் இருக்கின்றன. அவை எங்கள் பட்டியலுக்கு வருவதே அபூர்வம்.

முதலில் தீங்கில்லாத வகையைப் பார்த்துவிடலாம். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் தொடர்வதை சினிமாக்காரர்கள் கன்டினியூட்டி என்று சொல்வார்கள். ஒரே அறையில் இரண்டு பேர் பேசும் மூன்று நிமிடக் காட்சியை எடுக்க அரைநாள் ஆகலாம். முதலில் இருவரும் தெரியும்படி தூரத்திலிருந்து, அப்புறம் ஒருவர் முகம் மட்டும், அப்புறம் விளக்குகளையெல்லாம் மாற்றி வைத்துவிட்டு மற்றவர் முகம். ஒவ்வொரு தடவையும் நடிகர் அதே வசனத்தில் அதே கையால் கோப்பையை எடுத்து அதே அளவு குடித்து அதே இடத்தில் வைக்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று ஒருவர் இருக்கிறார். எந்த வார்த்தையில் எந்தக் கை அசைந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பார், முன்பெல்லாம் போலராய்டு படங்கள் எடுத்து வைத்துக்கொள்வார். அமெரிக்க ஒரு மணி நேரத் தொடர் என்றால் ஒரு எபிசோடை எட்டு நாள் அளவில் முடித்தாக வேண்டும், காட்சிகளை வரிசைப்படியும் எடுப்பதில்லை. கதையில் காலையில் நடக்கும் கொலையை வெள்ளிக்கிழமை எடுத்திருப்பார்கள், சாயங்காலம் நடக்கும் கைதை அதற்கு முந்தின செவ்வாயன்றே எடுத்து முடித்திருப்பார்கள். பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பிழைகளில் பல படத்தொகுப்பாளருக்குத் தெரிந்தே உள்ளே வருகின்றன. ஒரு டேக்கில் நடிகரின் கண் கலங்குவது அற்புதமாக இருக்கும், ஆனால் கை தப்பான இடத்தில் இருக்கும். இன்னொன்றில் கை சரியாக இருக்கும், முகம் மரக்கட்டை. எதை எடுப்பார்? புகழ்பெற்ற படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி அவற்றுக்கு மதிப்பெண்ணும் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. யார் எங்கே நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார் என்ற இட ஒழுங்கு கடைசி, அதற்கு வெறும் 4 சதவீதம். ஆக, கோப்பை நகர்ந்துவிட்டது என்று நாம் கத்தும்போது, அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு "போகட்டும்" என்று முடிவெடுத்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

அவர் தைரியமாக விடலாம், ஏனென்றால் நாம் பார்ப்பதே இல்லை. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பேசுகிற ஒரு குட்டிப் படம். அதில் வேண்டுமென்றே ஒன்பது கன்டினியூட்டி பிழைகள். ஒருத்தியின் கழுத்துத் துணி மறைந்து திரும்பி வரும், மேசைமேல் இருந்த தட்டுகள் சிவப்பிலிருந்து வெள்ளையாகும். பார்த்த பத்து பேரில் ஒருவர்தான் ஏதோ மாறியதுபோல இருந்தது என்றார். பிழை இருக்கிறது, தேடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பக் காட்டியபோதும் சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். இன்னொரு படத்தில் ஒரு வெட்டுக்கு முன்னால் ஒரு நடிகர், வெட்டுக்குப் பின்னால் வேறொரு நடிகர், அதாவது ஆளே மாறிவிட்டார். மூன்றில் இரண்டு பேர் அதையும் கவனிக்கவில்லை.

சரி, அப்படியென்றால் குற்றத் தொடரில் மட்டும் ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது? காதல் கதையில் கோப்பை நகர்ந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. துப்பறியும் கதை அப்படியல்ல, சின்னச் சின்னப் பொருள்களைக் கவனி என்பதுதான் அது பார்வையாளருக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே. கொலை நடந்த அறையில் சுவர்க் கடிகாரம் 3.10 காட்டுகிறது, அடுத்த ஷாட்டில் 2.50. இது கொலைகாரன் முள்ளைத் திருப்பி வைத்ததா, அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்த கலைத்துறை உதவியாளர் முள்ளைத் திருப்ப மறந்ததா? கடைசிக் காட்சி வரும்வரை சொல்ல முடியாது. படப்பிடிப்பின் கவனக்குறைவும் கொலைகாரனின் தந்திரமும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். தன்னையறியாமல் வைத்துவிட்ட போலித் தடயத்தை எந்த எழுத்தாளரும் பின்னால் விளக்கப்போவதில்லை. கவனமாகப் பார்த்தவர்தான் கடைசியில் ஏமாறுகிறார், அரைத் தூக்கத்தில் பார்த்தவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஒரு அநியாயத்துக்காக மட்டும் எங்கள் கூட்டத்தின் கோபத்தை நான் நியாயம் என்பேன்.

நீண்ட நாள் ஓடும் தொடர்களில் வேறு ரகம். 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர் தன் நாயகன் லெப்டினன்ட் கொலம்போவின் முதல் பெயரைக் கடைசிவரை சொல்லவே சொல்லாது, அது ஒரு நிரந்தர வேடிக்கை. ஆனால் 1971-ல் வந்த ஒரு எபிசோடில் அவர் அடையாள அட்டையை நீட்டும்போது உற்றுப் பார்த்தால் ஃபிராங்க் என்று எழுதியிருக்கும். வீட்டில் பதிவு செய்து நிறுத்திப் பார்க்க வழியில்லாத காலம், யார் படிக்கப்போகிறார்கள் என்று கலைத்துறை நினைத்திருக்கலாம். கதை இதோடு முடியவில்லை. பிரெட் வொர்த் என்பவர் 1974-ல் துணுக்குத் தகவல்களைத் திரட்டி ஒரு கலைக்களஞ்சியம் போட்டார். யாராவது தன் உழைப்பைத் திருடினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று ஒரு பொய்யை உள்ளே விதைத்து வைத்தார். டிரிவியல் பர்சூட் என்ற வினாடி வினா விளையாட்டில் அதே ஃபிலிப் பதிலாக வந்து நின்றது. 1984-ல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டைத் தயாரித்தவர்கள் அவருடைய புத்தகத்தையும் பயன்படுத்தியதை மறுக்கவில்லை, ஆனால் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வாதாடி ஜெயித்தார்கள், 1987-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. துப்பறிவாளர் ஒருவரின் பெயரை வைத்துத் திருடனுக்குப் பொறி வைத்தவர், திருட்டைப் பிடித்தும் தோற்றுப்போனார். கொலம்போ எழுத்தாளர்களே இப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

'லா அண்ட் ஆர்டர்' என்ற அமெரிக்கக் குற்றத் தொடரில் நடிகை எபதா மெர்க்கர்சன் 1991-ல் சுடப்பட்ட குழந்தையின் தாயாக வந்து அழுதார், 1993-லிருந்து அதே காவல் நிலையத்தில் லெப்டினன்ட்டாக உட்கார்ந்து பல வருடம் உத்தரவு போட்டார். ஜெர்ரி ஆர்பாக் 1991-ல் குற்றவாளி தரப்பு வக்கீல், அடுத்த வருடமே துப்பறிவாளர். இதைப் பிழை என்று சொல்லவே எனக்கு மனம் வராது, நல்ல நடிகரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய பிழையை அழகாகத் தீர்த்த உதாரணமும் உண்டு. கோனன் டாயில் தன் முதல் ஹோம்ஸ் கதையில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் தோளில் குண்டு பட்டதாக எழுதினார், இரண்டாவதில் காலில் பட்டதாக. நூறு வருடத்துக்கும் மேலாக வாசகர்கள் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2010-ல் வந்த பிபிசி தொடர் ஒரே போடாகப் போட்டது. வாட்சன் நொண்டுவது மனம் செய்யும் வேலை என்று ஹோம்ஸின் வாயாலேயே சொல்ல வைத்து, காயம் உண்மையில் தோளில்தான் என்று முடித்துவிட்டார்கள். ஹோம்ஸின் மூளையைக் காட்டுவதற்கே அந்தப் பழைய முரண்பாடு பயன்பட்டுவிட்டது.

இனி தகவல் பிழைகள். இவற்றில் வேண்டுமென்றே செய்பவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அமெரிக்கத் தொடர்களில் வரும் 555 தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரியும். 555-0100 முதல் 555-0199 வரை கற்பனைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கோ ஒரு வீட்டில் ராத்திரி முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்தான் ஐ.பி. முகவரி, திரையில் தெரியும் அந்த முகவரியில் 300-க்கு மேல் ஒரு எண் இருந்தால் கணினிக்காரர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியும் 255-ஐத் தாண்டாது. ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே காரணத்துக்காகத்தான், நிஜமான யாருடைய முகவரியாகவும் ஆகிவிடக் கூடாது. போதைப்பொருள் தயாரிக்கும் வேதியியல் ஆசிரியரின் கதையான 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு வேதியியல் பேராசிரியர் டோனா நெல்சன் ஆலோசனை சொன்னார், ஆனாலும் போதைப்பொருள் தயாரிக்கும் படிகள் திரையில் முழுதாக வராமல் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துச் சமைக்கக் கூடாதே. அந்தச் சரக்கு நீல நிறத்தில் இருப்பதும் கதைக்காகத்தான், சுத்தமானது என்றால் நிறமே இருக்காது. இந்தப் பிழைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வெறும் வேடிக்கைப் பிழைகளும் உண்டு. கடற்படைக் குற்றங்களைத் துப்பறியும் 'என்.சி.ஐ.எஸ்.' தொடரில் 2004-ல் ஒரு காட்சி: யாரோ அவர்கள் கணினிக்குள் புகுந்துவிடுகிறார்கள், தடுக்க இரண்டு பேர் சேர்ந்து ஒரே கீபோர்டில் பரபரவென்று தட்டுகிறார்கள். கடைசியில் மேலதிகாரி வந்து பிளக்கைப் பிடுங்குகிறார். அந்த அறையில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதைப் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு வினோதம். கீபோர்டுக் காட்சியைப் பார்த்துக் கணினிக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். இதயத்துடிப்புக் கோடு நேராகிவிட்டது, மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், ஆள் எழுந்துவிட்டார் என்ற காட்சியைப் பார்த்து செவிலியர் சிரிப்பார், ஏனென்றால் கோடு முழுக்க நேரானபின் அந்த அதிர்ச்சியால் பயனில்லை. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குத்தான் அது உதவும். வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக் காட்சியில் தலையில் அடித்துக்கொள்வார். அவரவர் தொழிலில் வரும் பிழை அவரவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. மற்றதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மின் அதிர்ச்சிக் காட்சியில் சிரித்த அதே செவிலியர், அடுத்த காட்சியில் மங்கலான சிசிடிவி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பிரதிபலிப்பில் கொலைகாரன் முகத்தை எடுப்பதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கேமரா பதிவு செய்யாத விவரத்தை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது, வேண்டுமானால் ஊகித்து வரையும், அந்த ஊகத்தை வைத்து ஒருவரைக் கைது செய்தால் அது பெரிய ஆபத்து.

கன்டினியூட்டி பிழைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். முந்தின ஷாட்டையும் அடுத்த ஷாட்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், வெளியிலிருந்து ஒரு புத்தகமும் வேண்டாம். தகவல் பிழை அப்படியில்லை. எல்லாத் தொடர்களும் அதே பொய்யை அதே மாதிரி சொல்கின்றன. ஒன்றுக்கொன்று முரண்பாடே இல்லை. ஒரு தொடரில் வேறு மாதிரி காட்டினால்தான் நமக்கு சந்தேகமே வரும், "என்ன இது, இப்படியா இருக்கும்?" என்று. பத்து சாட்சிகள் வார்த்தை பிசகாமல் ஒரே கதையைச் சொன்னால் எந்தத் துப்பறிவாளரும் இவர்கள் கூடிப் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பார். நாம் மட்டும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

குளோரோஃபார்ம் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து மூக்கைப் பொத்துகிறார்கள், இரண்டு நொடியில் ஆள் துவண்டு விழுகிறார். மயக்க மருந்தாக அது 1847-ல் புழக்கத்துக்கு வந்தது, சீக்கிரமே திருடர்கள் அதை வைத்து ஆளைச் சாய்க்கிறார்கள் என்று கதைகளும் கிளம்பிவிட்டன. 1865-லேயே 'லான்செட்' மருத்துவ இதழ் எரிச்சலாகி, குளோரோஃபார்மால் கணநேரத்தில் ஒருவரை மயக்கிக் காட்டுபவருக்கு நிரந்தரமான அறிவியல் புகழ் காத்திருக்கிறது என்று சவாலே விட்டது. உண்மையில் ஒருவரை மயக்க ஐந்து நிமிடமாவது விடாமல் முகர வைக்க வேண்டும், அதற்குள் அவர் உங்களை இரண்டு தடவை கடித்திருப்பார். தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்பே உடைபட்ட கதை இது, இன்றுவரை ஓடுகிறது. கடத்தல்காரனை "இன்னும் கொஞ்ச நேரம் பேச வையுங்கள்" என்று கெஞ்சுவதும் இப்படித்தான். பழைய இயந்திர இணைப்பகங்களில் ஊழியர்கள் சுவிட்ச் சுவிட்சாகத் தேடிப்போன காலத்தில் அது உண்மை. மின்னணு இணைப்பகம் வந்தபிறகு அழைப்பு இணையும்போதே எண் பதிவாகிவிடுகிறது. சைலன்சர் பொருத்திய துப்பாக்கி பூனை தும்மியதுபோல சத்தம் போடுவதும் அந்த வகைதான். நிஜத்தில் 140 டெசிபலுக்கு மேல் போகும் வெடிச்சத்தத்தில் 20, 30 குறையும். பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்துவிடுவார்.

இவற்றையெல்லாம்கூட விட்டுவிடலாம். "காணாமல் போய் 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்போம்" என்று காவல் அதிகாரி சொல்கிற காட்சியை விட முடியாது. அந்த வசனம் கதைக்கு வசதி, போலீஸ் ஒதுங்கிக்கொள்ளும், நாயகன் தனியாகத் தேடப் போவான். ஆனால் இந்தத் தொடர்கள் எடுக்கப்படும் அமெரிக்காவிலேயே குழந்தை காணாமல் போனால் புகார் எடுக்கக் காத்திருப்புக் காலம் வைக்கக் கூடாது என்று 1990-லிருந்து சட்டம் இருக்கிறது. பிரிட்டனிலும் அப்படியொரு விதி கிடையாது. முதல் சில மணி நேரம்தான் தேடலில் விலைமதிப்பற்றது. ஒரு தாயோ தகப்பனோ "நாளைக்குத்தானே எடுப்பார்கள்" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், நகர்ந்த கோப்பையைப் பற்றி நாம் போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

அடுத்தது ஆய்வகம். 2000-ல் தடயவியல் ஆய்வகத்தை மையமாக வைத்த 'சி.எஸ்.ஐ.' தொடர் வந்த பிறகு குற்றத் தொடரின் கதாநாயகன் துப்பறிவாளரிடமிருந்து சோதனைக் குழாய்க்கு மாறிவிட்டான். கறுப்பு அறை, நீல வெளிச்சம், விளக்கை அடித்ததும் ரத்தம் பளபளவென்று ஒளிர்கிறது. புற ஊதா ஒளியில் ரத்தம் ஒளிராது, ஒளியை உறிஞ்சிக்கொண்டு கறுத்துத்தான் தெரியும். ஒளிர வேண்டுமென்றால் லுமினால் என்ற ரசாயனத்தைத் தெளிக்க வேண்டும், அதற்கு விளக்கு தேவையில்லை, இருட்டுதான் தேவை. அதுவும் அரை நிமிடம் போல ஒளிர்ந்து மங்கிவிடும். பிளீச் பட்ட இடமும் செம்பு பட்ட இடமும்கூட அதே நீலத்தில் ஒளிரும் என்பதால், அந்த ஒளி "இங்கே ரத்தம் இருக்கலாம், சோதித்துப் பார்" என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது. அதேபோல மருத்துவர் சடலத்தைக் குனிந்து பார்த்துவிட்டு "இரவு 10-லிருந்து 10.30-க்குள்" என்கிறார். உடல் விறைப்பு இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரம் வாக்கில் முழுதாகி, ஒன்றரை இரண்டு நாளில் தளரும். அறையின் வெப்பம், உடலின் பருமன், போட்டிருந்த துணி என்று எல்லாமே இந்தக் கணக்கைக் கலைக்கும். அரை மணி நேரத் துல்லியம் யாருக்கும் கிடைக்காது. ஆனால் அரை மணி நேரம் இல்லாவிட்டால் "அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்க முடியாது, கதை படுத்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் இல்லை. கதை நிற்பதே இந்தத் தூண்களின்மேல்தான்.

மரபணுவைப் பற்றி உண்மையில் நடந்த கதை எந்தத் தொடரையும்விட சுவாரசியமானது. அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்தார். பக்கத்திலேயே இரண்டு சிறுமிகள் கொலை செய்யப்பட்டிருந்தார்கள், ஒரு கொலையைத் தான் செய்ததாக ஓர் இளைஞன் ஒப்புக்கொண்டும் இருந்தான். சோதித்துப் பார்த்தால் அவன் இல்லை. கொலை விசாரணையில் மரபணு முதன்முதலாகச் செய்த வேலை, ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த ஒரு நிரபராதியை விடுவித்ததுதான். அப்புறம் அந்தப் பகுதி ஆண்கள் சுமார் 5,000 பேரின் மாதிரிகளை எடுத்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஏனென்றால் உண்மையான கொலையாளி தன்னோடு வேலை பார்த்த ஒருவரை ஆள்மாறாட்டம் செய்து ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். அந்த ஆள் ஒரு மதுக்கடையில் உளறினார், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் போலீசிடம் சொன்னார். 1988-ல் தண்டனை. மரபணுவை வைத்து விசாரித்த உலகின் முதல் கொலை வழக்கு முடிவுக்கு வந்தது ஒருவர் வாயை அடக்க முடியாமல் பேசியதால். இதை அப்படியே ஒரு எபிசோடாக எழுதிக் கொடுத்தால் "ஆய்வகம் கண்டுபிடிப்பதாக மாற்றுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கைரேகைக் காட்சியில் திரையில் முகங்கள் ஓடி, ஒன்றில் நின்று, பச்சை எழுத்தில் 'பொருந்தியது' என்று வரும். உண்மையில் கணினி கொடுப்பது சாத்தியமுள்ளவர்களின் பட்டியல். ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு முடிவு செய்கிறார், மனிதர் என்றால் தவறும் செய்வார். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள், அவரை இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் வேறு ஒருவரைக் கண்டுபிடித்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. தலைமுடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒப்பிடுவது இன்னும் மோசம். அந்தச் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 வழக்குகளை மறுபடி பார்த்தபோது 257-ல் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பேசியிருக்கிறார்கள் என்று 2015-ல் எஃப்.பி.ஐ.யே ஒப்புக்கொண்டது. தொடர்கள் காட்டும் அந்த நூறு சதவீத நிச்சயம் சில நீதிமன்றச் சாட்சிக் கூண்டுகளிலும் இருந்தது என்பதுதான் இதில் பயமுறுத்துகிறது.

பார்ப்பவர்களை இது எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006-ல் ஜூரிகளாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களாக வந்த சுமார் 1,000 பேரிடம் கேட்டுப் பார்த்தார். 46 சதவீதம் பேர் எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதாவது அறிவியல் சான்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லா வழக்கிலும் மரபணுச் சான்றே வேண்டும் என்றவர்கள் 22 சதவீதம். 'சி.எஸ்.ஐ.' பார்ப்பவர்களுக்கு எதிர்பார்ப்பு கூடுதல். ஆனால் குற்றவாளி என்று முடிவு செய்வதில் பார்ப்பவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தொடர்கள்தான் ஜூரிகளைக் கெடுத்துவிட்டன என்று புலம்பும் அரசு வழக்கறிஞர்கள் இந்தப் பின்பாதியை வசதியாக விட்டுவிடுவார்கள். என் கவலை தீர்ப்பில் மட்டும் இல்லை. ஆய்வு முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்போது "இவ்வளவு நேரமா, ஏதோ மறைக்கிறார்கள்" என்று பறிகொடுத்த குடும்பம் நினைக்கிறதே, அங்கே இருக்கிறது.

'நாடகம்தானே, ஆவணப்படமா எடுக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். விளம்பரம் போக 42 நிமிடத்தில் கொலை, விசாரணை, கைது எல்லாம் நடக்க வேண்டும், நேரத்தைச் சுருக்காமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சுருக்குவதை நான் குறை சொல்லவில்லை. மூன்று வாரத்தை ஒரு வெட்டில் தாண்டிப் போகட்டும், தாண்டினோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். விதியை மறைத்தால்தான் விறுவிறுப்பு வரும் என்று நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2002 முதல் 2008 வரை வந்த 'தி வயர்' தொடரை எழுதியவர்கள் குற்றச் செய்தியாளராக இருந்த டேவிட் சைமனும், கொலைப் பிரிவுத் துப்பறிவாளராக இருந்த எட் பர்ன்ஸும். அதில் பொதுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதிக்காகப் படியேறி இறங்குகிறார்கள். அனுமதி கிடைத்தபிறகும் நினைத்தபோது கேட்க முடியாது, பேசுவது சந்தேக நபர்தான் என்று கண்ணால் பார்த்தால்தான் கேட்கலாம். அதனால் இரண்டு போலீஸ்காரர்கள் மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து, யார் போனை எடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேறு எந்தத் தொடராவது இருந்திருந்தால் ஒரு பெண் கீபோர்டைத் தட்டி "உள்ளே போயாச்சு" என்றிருப்பாள், ஆறு நொடியில் முடிந்திருக்கும். இங்கே அந்தச் சலிப்பான விதியிலிருந்துதான் பாத்திரங்கள், சண்டை, நகைச்சுவை எல்லாம் வருகின்றன.

அந்தத் தொடரிலும் குறை உண்டு. 2002-ல் போதைக் கும்பல், அழைத்தவரின் எண்ணை மட்டும் காட்டும் பேஜர் கருவியை வைத்துக்கொண்டு அலைவது அப்போதே பழசாகிவிட்ட பழக்கம். பர்ன்ஸ் 1980-களில் நடத்திய ஒரு விசாரணையிலிருந்து எடுத்ததால் அப்படி. கீபோர்டுக் காட்சியைப் பார்த்துச் சிரித்த கணினிக்காரர்கள் அதையும் விடமாட்டார்கள், நானும் விடவில்லை. முதல் எபிசோடிலேயே பேஜரைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.